ஆர்.வி பார்க்கில் ஆறு வருடமாக இருப்பவரை வெளியேற்றுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை · ஜனவரி 14, 2025

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் மைத்துனரும் 2022-ல் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆர்.வி பார்க் வாங்கினோம். மொத்தம் 24 இடங்கள். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆர்.வி என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, அல்லது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர். வண்டி அவர்களுடையது. நிலம், தண்ணீர்க் குழாய், கரண்ட் கம்பம், கழிவுநீர் இணைப்பு எங்களுடையது. மாத வாடகை இதற்குத்தான். சுற்றுலாப் பயணிகள் பாதி, நிரந்தரமாக இருப்பவர்கள் பாதி. தோட்ட வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், மூன்று மாதக் கான்ட்ராக்டில் வரும் நர்ஸ்கள், தனியாக வாழும் பெரியவர்கள்.

பிரச்சனை 11-ம் இடத்தில். பழைய ஓனர் காலத்திலிருந்தே அங்கே ஒருவர் இருக்கிறார், ஆறு வருடத்துக்கு மேல். மாதம் 650 டாலர். செப்டம்பரிலிருந்து வாடகை வரவில்லை. அதைவிட மோசம், இடத்தையே மெக்கானிக் ஷெட் ஆக்கிவிட்டார். நான்கு பழைய கார்கள், மண்ணில் ஆயில், ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்கள் வந்து போவது. பக்கத்து இடத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்த குடும்பம் போன மாதம் காலி செய்துவிட்டது. அந்த அம்மா சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பரில் இணையத்தில் கிடைத்த படிவத்தை எடுத்து, பாக்கியைக் கட்டு அல்லது காலி செய் என்கிற மூன்று நாள் நோட்டீஸை நானே கொடுத்தேன். ஐந்தாம் நாள் வந்து 300 டாலர் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மைத்துனர் சொல்வது, கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்டால் இரண்டு நாளில் தானாகப் போய்விடுவார் என்று. வண்டிதானே, இழுத்து வெளியே விட்டால் என்ன என்றும் கேட்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

வேப்பமரம் · ஜனவரி 14

முதலில் ஒன்று: பிரேக்கரில் கை வைக்காதீர்கள். இன்றைக்கே மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். விரிவாக ராத்திரி எழுதுகிறேன்.

இரண்டாம்மாடி · ஜனவரி 14

நாலு மாதமாக வாடகை தராமல் இருப்பவருக்கு நாம் கரண்ட் பில் கட்ட வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்? எனக்கு சாக்ரமென்டோவில் ஒரு வீடு இருக்கிறது. 2020-ல் வாடகைதாரர் ஒருவர் ஒன்றேகால் வருடம் காசு தராமல் இருந்தார். வீட்டுக் கடன் தவணையை என் சம்பளத்தில் கட்டினேன். வாடகைக்கு விடுபவன் என்றாலே பணக்காரன் என்று நினைக்கிறார்கள். கொரோனா தடை எல்லாம் முடிந்து இத்தனை நாளான பிறகும் அந்தக் கசப்பு போகவில்லை.

வேப்பமரம் · ஜனவரி 14

இரண்டாம்மாடி, உங்கள் கஷ்டம் உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காவிரிக்கரை கேட்பது அந்த ஆளை வெளியேற்றும் வழி. கரண்டை வெட்டினால் அவர் இன்னும் நீண்ட நாள் இருப்பார், அதனால்தான் சொல்கிறேன்.

நான் ஒன்பது வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளர். வீட்டுக்காரர்கள் பக்கமும் பார்த்திருக்கிறேன், வாடகைதாரர்கள் பக்கமும் பார்த்திருக்கிறேன். வக்கீல் இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்காதீர்கள்.

கலிபோர்னியா சிவில் கோடில் 789.3 என்று ஒரு பிரிவு. வெளியேற்றும் நோக்கத்தில் தண்ணீர், மின்சாரம், கேஸ் எதையாவது நிறுத்தினாலோ, பூட்டை மாற்றினாலோ, உண்மையான நஷ்டத்தோடு ஒவ்வொரு நாளுக்கும் 100 டாலர் வரை கொடுக்க வேண்டும். குறைந்தது 250. வக்கீல் செலவும் உங்கள் தலையில். அதோடு உங்கள் வழக்கில் அவர் கையில் நீங்களே ஒரு ஆயுதத்தைக் கொடுத்த மாதிரி.

இப்போது ஆர்.வி விஷயத்துக்கு வருகிறேன். "வண்டிதானே, இழுத்து விடலாம்" என்பதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். இந்த மாநிலத்தில் ஆர்.வி பார்க்குகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, சிவில் கோட் 799.20 முதல். அது ஆட்களை நாள் கணக்கால் பிரிக்கிறது. 30 நாள் வரை இருப்பவர் ஆக்குபன்ட். 30 நாளைத் தாண்டினால் டெனன்ட். 9 மாதம் ஆகிவிட்டால் ரெசிடென்ட். ஒரே வண்டி, ஒரே இடம், ஒரே ஆள். காலண்டர் நகர நகர அவருடைய உரிமை மாறுகிறது.

ஆக்குபன்ட் தவறு செய்தால் 72 மணி நேர நோட்டீஸ் கொடுத்து, ஷெரிஃப் (கவுன்டி போலீஸ்) துணையோடு வண்டியை அகற்றும் வழி இருக்கிறது. உங்கள் மைத்துனர் எங்கோ கேள்விப்பட்டது அதுவாகத்தான் இருக்கும். டெனன்டுக்குக் காரணம் சொல்லாமலே 30 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். ரெசிடென்ட் ஆகிவிட்டால், சட்டம் எண்ணி வைத்திருக்கும் காரணங்களில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். வாடகை பாக்கி அதில் ஒன்று. அக்கம்பக்கத்தாருக்குப் பெரும் தொந்தரவு என்பது இன்னொன்று. பார்க் விதியை மீறி, எழுத்தில் எச்சரித்தும் திருந்தவில்லை என்பது வேறொன்று. உங்கள் ஆள் ஆறு வருடம் இருக்கிறார். அவர் ரெசிடென்ட். கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

நவம்பர் நோட்டீஸ் பற்றி. நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு 300 டாலர் வாங்கினீர்களே, அதோடு அந்த நோட்டீஸ் செத்தது. பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிவிட்டால், இருக்கட்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் கோர்ட் பார்க்கும். அப்புறம், நோட்டீஸில் எவ்வளவு தொகை எழுதினீர்கள்?

காவிரிக்கரை · ஜனவரி 15

இரண்டு மாத வாடகை 1300. தாமதக் கட்டணம், மண்ணைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு எல்லாம் குத்துமதிப்பாகச் சேர்த்து 2000 என்று எழுதினேன்.

வேப்பமரம் · ஜனவரி 15

அப்படியென்றால் அந்த 300-ஐ வாங்காமல் இருந்திருந்தாலும் நின்றிருக்காது. உண்மையான பாக்கியைவிடக் கூட்டிக் கேட்ட ஒரே காரணத்துக்காக வழக்கு தள்ளுபடி ஆவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேரேட்டை எடுத்து, மாதம் மாதமாக என்ன வந்தது, என்ன வரவில்லை என்று முதலிலிருந்து எழுதுங்கள். ஆயில் கொட்டிய நஷ்டம் வேறு கணக்கு, இதில் சேர்க்காதீர்கள்.

பார்க் உங்கள் சொந்தப் பெயரிலா, எல்.எல்.சி என்கிற கம்பெனி பெயரிலா?

காவிரிக்கரை · ஜனவரி 15

எல்.எல்.சி அக்கா.

வேப்பமரம் · ஜனவரி 15

அப்போது இந்த வழக்கில் நீங்களே கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. எல்.எல்.சிக்கு வக்கீல் இருந்தே ஆக வேண்டும். வெளியேற்ற வழக்குகளையே தொழிலாகப் பார்க்கிற வக்கீலைப் பிடியுங்கள். ஆர்.வி பார்க், மொபைல் ஹோம் பார்க் தெரிந்தவரா என்று கேளுங்கள். வீடு, அபார்ட்மென்ட் மட்டும் பார்ப்பவர் 799-ஐத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

ஒட்டகப்பாதை · ஜனவரி 16

நான் அரிசோனா. இங்கே கணக்கு வேறு. தொடர்ந்து 180 நாளுக்கு மேல் ஆர்.வி இடத்தை வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு நீண்டகால வாடகைச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வந்துவிட்டு ஏப்ரலில் கிளம்புபவர்கள் இதற்குள் வர மாட்டார்கள். என் நண்பர் யூமா பக்கம் பார்க் நடத்துகிறார். அவர் ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஆள் வந்த தேதி எழுதியிருப்பார். ஒப்பந்தப் புதுப்பிப்பு, எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் அதில்தான்.

உப்புக்காற்று · ஜனவரி 16

ஃபுளோரிடாவில் ஆறு மாதம்தான் எல்லை. அதுவரை இருப்பவரைத் தற்காலிக விருந்தினராகப் பார்க்கிற சட்டம் அத்தியாயம் 513. அமைதியைக் குலைத்தாலோ, போதைப்பொருள் வைத்திருந்தாலோ, வாடகை தராவிட்டாலோ வெளியேறச் சொல்லலாம். மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் வீட்டு வாடகைதாரர் மாதிரி கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாநிலத்தில் கேட்டதை இன்னொரு மாநிலத்தில் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூடல்நகர் · ஜனவரி 17

மதுரையிலிருந்து எழுதுகிறேன். இதைப் படித்ததும் எங்கள் தாத்தா காலத்துக் கதை ஞாபகம் வந்தது. சென்னையில் அவருக்கு அரை கிரவுண்ட் மனை. அதை ஒருவருக்கு அடிமனை வாடகைக்கு விட்டார். அவர் தன் செலவில் ஓட்டு வீடு கட்டிக்கொண்டார். நிலம் தாத்தாவுடையது, கூரை அவருடையது. உங்கள் ஆர்.வி மாதிரியேதான், சக்கரம் மட்டும் இல்லை. 1921-ம் வருடத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அப்படிக் கட்டிக் குடியிருந்தவரைக் காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அவர் கேட்டால், அந்த இடத்தையே அவருக்கு விற்கும்படி கோர்ட் உத்தரவிடவும் வழி உண்டு. தாத்தா கடைசியில் விற்றுத்தான் கொடுத்தார். வருத்தப்பட்டார். ஆனால் அந்தக் குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருகிறார்கள்.

இப்போது வீட்டு வாடகைக்கு இங்கே 2017-ம் வருடச் சட்டம், 22-2-2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தண்ணீர், கரண்டை நிறுத்துவது இங்கேயும் குற்றம்தான். ஆனால் பாதிப் பேர் இன்னும் வாய்வார்த்தையில்தான் விடுகிறார்கள். "12 வருடம் இருந்தால் வீடு அவனுக்குப் போய்விடும்" என்று பயந்து, பதினோரு மாதத்துக்கு ஒரு தரம் நல்ல குடித்தனக்காரரையும் விரட்டுகிறார்கள். நம் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த வழியில் சொந்தம் கொண்டாட முடியாது.

மழைக்காலம் · ஜனவரி 18

நான் டிராவல் நர்ஸ். நான்கு வருடம் ஆர்.வியில்தான் வாழ்ந்தேன், ஒரிகான், நெவாடா, கலிபோர்னியா என்று. இங்கே எழுதுபவர்கள் எல்லாரும் இடத்தை விடுபவர்களாக இருப்பதால், வாடகைக்கு இருந்தவளாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று. தயவுசெய்து சீக்கிரம் செய்யுங்கள். ஆர்.வியின் சுவர் இரண்டு அங்குலம் இருக்குமா? பக்கத்து வண்டியில் இருமினால் கேட்கும். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குபவளுக்குப் பக்கத்தில் ஒருவர் கிரைண்டரை வைத்து இரும்பு அறுத்தால் எப்படி இருக்கும்? நான் ஆபீஸில் மூன்று முறை சொன்னேன். மேனேஜர் நல்லவர், ஒவ்வொரு முறையும் "பேசுகிறேன்" என்றார். எழுத்தில் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் போனது நான்தான். எங்கும் நடப்பது அதுதான், ஒழுங்காக இருப்பவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள். அந்த அம்மா உங்கள் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை, அவர்கள் பல மாதம் காத்திருந்திருப்பார்கள்.

இரண்டு. அந்த ஆளின் டிரெய்லர் எந்த வருடத்து மாடல் என்று பாருங்கள். நிறைய பார்க்குகளில் பத்து வருட விதி வைத்திருக்கிறார்கள், அதைவிடப் பழைய வண்டியை உள்ளே விட மாட்டார்கள். ஆறு வருடம் நகராமல் நின்ற வண்டிக்கு டயர் வெடித்திருக்கும், ரிஜிஸ்ட்ரேஷன் போயிருக்கும். "காலி செய்" என்று நீங்கள் சொல்லும்போது அவர் எங்கே போவார் என்று அவருக்கே தெரியாது. பாதிப் பேர் பிடிவாதத்தால் இருப்பதில்லை. வண்டி நகராது, நகர்ந்தாலும் சேர்த்துக்கொள்ள இடமில்லை. அதனால் இருக்கிறார்கள்.

இரண்டாம்மாடி · ஜனவரி 18

மழைக்காலம், நீங்கள் சொன்ன முதல் விஷயம் என் மனசில் பட்டது. நான் எப்போதும் எனக்கும் வாடகைதாரருக்கும் நடுவில் உள்ள சண்டையாகவே பார்த்தேன். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பது தோன்றவில்லை.

காவிரிக்கரை · பிப்ரவரி 6

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வக்கீல் கிடைத்தார், பார்க் வழக்குகள் பார்ப்பவர். பேரேட்டைக் கேட்டார். பழைய ஓனர் கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கூட்டினோம். செப்டம்பர் முதல் ஜனவரி வரை 3250, அதில் 300 கழித்து 2950. மின்சாரத்தை அவர் மீட்டர்படி நேராகக் கட்டுகிறார், அதைத் தொடவில்லை. சனி, ஞாயிறைச் சேர்க்காமல் நாள் எண்ணி ஜனவரி 24-ல் புது நோட்டீஸ். அதோடு பழைய கார்களும் ஆயிலும் பற்றித் தனியாக எழுத்தில் எச்சரிக்கை, தேதி போட்ட போட்டோக்களுடன். இதைப் பழைய ஓனரும் செய்யவில்லை, மூன்று வருடமாக நானும் செய்யவில்லை. வாயால் சொன்னதற்கெல்லாம் கோர்ட்டில் ஒரு பைசா மதிப்பில்லை என்று வக்கீல் சொன்னபோது வெட்கமாக இருந்தது.

நோட்டீஸ் முடிந்த மறுநாள் அவர் 500 டாலரோடு வந்தார். கை நீட்டி வாங்கவில்லை. முழுத் தொகை, இல்லையென்றால் வக்கீலிடம் பேசுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. வழக்கு பிப்ரவரி 3-ல் போட்டாயிற்று.

மழைக்காலம் சொன்னதைப் போய்ப் பார்த்தேன். 1994 மாடல். மூன்று டயர் காற்றில்லை, ஒன்று பிளந்தே இருக்கிறது. அவருக்கு வயது 61.

வேப்பமரம் · பிப்ரவரி 6

500-ஐ வாங்காமல் இருந்தீர்களே, பாதி வேலை அதில் முடிந்தது. இந்த வருடம் ஜனவரி 1 முதல், வழக்குத் தாள் கிடைத்தவர் பதில் போட 10 கோர்ட் நாள் இருக்கிறது, முன்பு 5. அதனால் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும்.

இன்னொன்று, காசு கொடுத்துக் கிளப்புவதைப் பற்றி யோசித்தீர்களா? கேட்கவே எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் தீர்ப்பு வாங்கி, ஷெரிஃப் வந்து ஐந்து நாள் நோட்டீஸ் ஒட்டி, அவரை வெளியே அனுப்பிய பிறகும் அந்த 1994 டிரெய்லர் உங்கள் மண்ணில்தான் நிற்கும். அதற்குள் இருக்கும் சாமானுக்குத் தனி நோட்டீஸ், தனி காத்திருப்பு. பழைய டிரெய்லரை உடைத்துக் குப்பைக்கு அனுப்ப ஆகும் செலவை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அவர் வண்டியோடு போவதுதான் உங்களுக்கு லாபம்.

இரண்டாம்மாடி · பிப்ரவரி 7

இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூவாயிரம் டாலர் ஏமாற்றியவருக்கு மேலும் காசா?

வேப்பமரம் · பிப்ரவரி 7

கையில் காசு கொடுக்கச் சொல்லவில்லை. டயர் வாங்கிப் போடலாம், இழுத்துப் போகும் வண்டிக்கு நேராகக் கட்டலாம். எல்லாம் எழுத்தில், கோர்ட்டில் பதிவான ஒப்பந்தமாக.

காவிரிக்கரை · ஏப்ரல் 15

முடிந்தது. ஏப்ரல் 12, சனிக்கிழமை.

விசாரணை நாளன்று கோர்ட் வராந்தாவில் அவர் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு. எங்கள் வக்கீல் போய்ப் பேசினார். அவருக்கு உதவ அன்றைக்கு அங்கே இருந்த இலவச சட்ட உதவி வக்கீலும் வந்தார். முக்கால் மணி நேரம். அவர் ஏப்ரல் 12-க்குள் வண்டியோடும் நான்கு கார்களோடும் போவது, பாக்கியை நாங்கள் விட்டுவிடுவது, நான்கு டயரும் இழுவைச் செலவும் எங்களுடையது, சொன்ன தேதியில் போய்விட்டால் அவர் பெயரில் தீர்ப்பு கிடையாது. அந்தக் கடைசி விஷயத்தில்தான் அவர் பிடிவாதமாக நின்றார். வழக்கு போட்டு 60 நாளுக்குள் வீட்டுக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வராவிட்டால் கோப்பு பொதுப் பார்வைக்கு வராது என்று அவருடைய வக்கீல் விளக்கினார். வெளியேற்றப்பட்டவர் என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் இனி யாரும் இடம் தர மாட்டார்கள் என்றார் அவர். எனக்கு அது அன்றுவரை தோன்றவே இல்லை. நான் ஒரு இடத்தைத் திரும்ப வாங்கப் போனேன். அவர் அடுத்த இடம் கிடைக்குமா என்பதற்காக வந்திருந்தார்.

அவருடைய தங்கைக்குக் கிராமத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அங்கே போனார். டயர், இழுவை எல்லாம் சேர்த்து 1100 டாலர் ஆயிற்று. மைத்துனர் வர மாட்டேன் என்றார், கடைசியில் அவர்தான் ஜாக் வைத்து டயர் மாட்டினார். வண்டி நகர்ந்தபோது ஆறு வருடமாகச் சூரியன் படாத மண் ஒரு செவ்வகமாகத் தெரிந்தது.

இப்போது ஒரு கேள்வி. இனிமேல் யாரையும் எட்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம், ஒன்பது ஆவதற்குள் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார் மைத்துனர். பக்கத்தில் ஒரு பார்க்கில் அப்படித்தான் செய்கிறார்களாம்.

மழைக்காலம் · ஏப்ரல் 15

வேண்டாம். 11-க்குப் பக்கத்து இடத்தில் இருந்த குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், எட்டு மாதத்துக்கு ஒரு ஊரா? ஒரே ஒருவரால் வந்த பயத்துக்கு மீதி எல்லாரையும் தண்டிப்பீர்களா? கூடல்நகர் சொன்ன பதினோரு மாதக் கதைதானே இதுவும்.

இரண்டாம்மாடி · ஏப்ரல் 15

நான் இப்படிச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல வாடகைதாரர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எட்டாம் மாதம் அனுப்புவதற்குப் பதில் முதல் மாதமே பாக்கியை எழுத்தில் கேளுங்கள். செப்டம்பரில் செய்திருந்தால் ஜனவரிக்கு முன்பே முடிந்திருக்கும்.

ஒட்டகப்பாதை · ஏப்ரல் 16

வெள்ளைப் பலகை. 24 இடத்துக்கும்.

காவிரிக்கரை · ஏப்ரல் 20

பலகை வாங்கி மாட்டியாயிற்று. வந்த தேதி, ஒப்பந்தத் தேதி, வாடகை எந்த மாதம் வரை, எச்சரிக்கை ஏதாவது கொடுத்தோமா என்று நான்கு பத்தி. பழைய ஓனர் காலத்து ஆட்கள் ஏழு பேருக்கு எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த வாரம் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டு மாத யோசனையை விட்டுவிட்டோம்.

11-ம் இடத்து ஆயில் மண்ணை ஓரடி ஆழத்துக்கு எடுத்துப் புது மண் போட்டிருக்கிறோம். காலி செய்துகொண்டு போன அந்த அம்மாவுக்கு நேற்று போன் செய்தேன். அவர்கள் இப்போது மடேராவில் இருக்கிறார்கள், அந்த இடம் பிள்ளைகள் பள்ளிக்குத் தூரமாம். ஜூன் மாதம் பள்ளி முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றார். அதுவரை அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.